தறியை நிறுத்திவிட்டு ஒரு கூட்டம்... பள்ளி மேலாண்மைக் குழுவில் அம்மாக்களின் அதிகாரம் என்ன?

வெள்ளிக்கிழமை பிற்பகல். காமாட்சி அம்மன் கோயில் பக்கம் கூட்டம் சேரத் தொடங்கும் நேரம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால், வீட்டுக்குள்ளிருந்து தறிச்சத்தம் கேட்கும். கணவர் தறியில் இருப்பார். மனைவி ஒரு ஓரமாக உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருப்பார். கோர்வைச் சேலை என்றால், மறுபக்கக் கரைக்கு நாடா போட்டுக் கொடுக்க அவரும் தறிக்கே வந்துவிட வேண்டும். இன்று பள்ளியில் எஸ்.எம்.சி கூட்டம், அம்மா கட்டாயம் வர வேண்டும் என்று காலையிலேயே மகள் சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

எழுந்து போனால் தறி நிற்கும். கைத்தறியில் நெய்தால்தான் கூலி. உட்காராத நேரத்துக்குக் காசு கிடையாது. அதனால் இப்படிப்பட்ட வீடுகளில் பல அம்மாக்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேகமாகப் பள்ளிக்குப் போவது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது, திரும்பி வந்து வேலையைப் பார்ப்பது. காஞ்சிபுரம் என்றில்லை, வயல்வேலைக்குப் போகும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மாவும் செய்வது இதைத்தான்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று யாரும் அவர்களுக்கு உட்கார வைத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அரை மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டு வந்திருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பள்ளி வாரியத்தைப் பொதுமக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்டத்தின் பள்ளிகளுக்கு எவ்வளவு செலவு செய்வது, தலைமை நிர்வாகியாக யாரை நியமிப்பது என்பதை அந்த வாரியம் முடிவு செய்யும். இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளின் ஆளுகைக் குழுக்களில் பெற்றோர் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்கள் உட்காருவார்கள்.

நம் ஊரில் அதற்கு நெருக்கமாக இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. சுருக்கமாக எஸ்.எம்.சி. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுதான் இதன் அடித்தளம். குழு உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். இதெல்லாம் சட்டத்திலேயே எழுதியிருப்பது. யாரும் பார்த்து இரங்கிக் கொடுப்பதில்லை.

சட்டம் வந்து பல ஆண்டுகள் பெரும்பாலான பள்ளிகளில் இந்தக் குழு காகிதத்தில்தான் இருந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அதைப் புதிதாக அமைக்க முடிவெடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதன்பிறகு 20 பேர் கொண்ட குழுக்கள் தேர்வாயின. 15 பேர் பெற்றோர். தலைமை ஆசிரியர் ஒருவர், ஆசிரியர் பிரதிநிதி ஒருவர், உள்ளாட்சியிலிருந்து இருவர், கல்வி ஆர்வலர் அல்லது சுய உதவிக் குழு சார்பில் ஒருவர். தலைவர் பொறுப்பு, அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் தாய்க்கு. 2024 ஆகஸ்டில் குழுக்கள் மீண்டும் மாற்றி அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. பதவிக்காலம் 2 ஆண்டுகள்.

தலைமை ஆசிரியர் இதில் கூட்டுநர். கூட்டத்தைக் கூட்டுவதும் பதிவேட்டைப் பராமரிப்பதும் அவர் பொறுப்பு. தலைவர் நாற்காலி அம்மாவுடையது.

கோர்வைத் தறியும் வகுப்பறையும்

இந்தக் குழு காஞ்சிபுரத்துக்கு ஏன் முக்கியம் என்பதைத் தறியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் பிரியாதபடி இழைக்கு இழை கோத்து நெய்வது. இதற்கு மூன்று நாடா வேண்டும். ஒரே ஆள் மூன்றையும் ஓட்ட முடியாது என்பதால், பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொரு இடத்தில் ஒரு காலத்தில் பல வீடுகளில் உட்கார்ந்தது குழந்தைகள்.

வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, முன்பணம் வாங்கிய கடனுக்காக அடுத்தவர் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில், வாரணாசி, கர்நாடகத்தோடு காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசின் தொடர் நடவடிக்கைகளாலும், பெற்றோரின் மனமாற்றத்தாலும், தறியின் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வகுப்பறைக்குப் போன கதை இந்த ஊரின் பெரிய சாதனை.

அந்தச் சாதனையைக் காப்பாற்றுவது யார்? இங்கேதான் எஸ்.எம்.சி வருகிறது. ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்களா, சேர்ந்தவர்கள் தொடர்ந்து வருகிறார்களா என்று பார்ப்பது குழுவின் கடமைகளில் ஒன்று. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்கிறது. ஆனால், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் தருகிறது. வீட்டுக்குள் தறி இருக்கும் ஊரில் உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்பது மெல்லிய கோடு. கல்யாண சீசனில் ஆர்டர் குவியும்போது அந்தக் கோடு இன்னும் மங்கலாகும்.

ஆய்வாளர் வந்து கண்டுபிடிப்பதற்கு முன்பே, மூன்று நாளாக அந்தப் பையன் வரவில்லை என்பது எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் குழுவில் இருந்தால், அந்த வீட்டுக்கு நேரே போய்க் கேட்க முடியும். அதிகாரி கேட்டால் மிரட்டல் போல இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் அக்கறையாக இருக்கும்.

1,100 ஆண்டுகளுக்கு முன்பே 'கணக்கு காட்டு!'

குழு, தேர்தல், தகுதி, கணக்கு... இந்தச் சொற்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை வரலாற்றுப் பாடத்தில் படிக்காதவர்கள் இருக்க முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வேலைக்கேற்ற குழுக்கள்.

குடவோலை என்றதும் குடமும் ஓலையும்தான் நினைவுக்கு வரும். அதைவிடச் சுவாரஸ்யமானது தகுதி நீக்கப் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது! முந்தைய மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை.

அதே கல்வெட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. சொந்த நிலம், சொந்த வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரை வயது... இத்தனையும் உள்ள ஆண்களுக்கு மட்டும். பெண்ணுக்கு அங்கே பேச்சே இல்லை. துணி நெய்பவருக்கும் இல்லை. இன்று அதே மாவட்டத்தில், பட்டா இல்லாத ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், தன் மகள் அந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்ற ஒரே தகுதியில் தலைவர் ஆகலாம். மாறாமல் இருக்க வேண்டியது ஒன்றுதான்: கணக்கு காட்ட வேண்டும் என்ற விதி.

கொடுப்பது வேறு, கேட்பது வேறு

பள்ளிக்கு ஊர் கூடிக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் பழகிய விஷயம். காமராஜர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு, 1912-ல் காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். 1958-ல் அவர் முன்னின்று தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், கிராமத்து மக்கள் கட்டடம், மேசை, நாற்காலி, கரும்பலகை, சீருடை எனக் கொண்டுவந்து குவித்தார்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில்தான் முதல் மாநாடு நடந்தது.

இப்போதும் ஆண்டு விழாவுக்குச் சேர் வாடகை, ஒரு மின்விசிறி, குடிநீர்த் தொட்டி என்று ஊர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் இந்தப் பாதையில் வந்த அமைப்பு. ஆனால், எஸ்.எம்.சி-யின் வேலை இன்னொரு வகை. அரசு கொடுத்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளிக்கு என்ன தேவை என்று எழுதிக் கேட்பது. கொடுக்கத் தெரிந்த ஊர், கேட்கவும் பழக வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

எவ்வளவு பணம்? 'சமக்ர சிக்‌ஷா' திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளி மானியம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 30 பிள்ளைகள் வரை ₹10,000. 100 வரை ₹25,000. 250 வரை ₹50,000. 1,000 வரை ₹75,000. அதற்கு மேல் ₹1 லட்சம். இதில் குறைந்தது 10 சதவிகிதம் தூய்மைப் பணிகளுக்குப் போக வேண்டும். 80 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் கழிப்பறை நாறுகிறது என்றால், 25,000 ரூபாயில் 2,500 ரூபாய் எதற்குச் செலவானது என்று கேட்க அம்மாவுக்கு உரிமை உண்டு.

குழுவுக்கு வரும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும், கணக்கில் தலைவர் அல்லது துணைத் தலைவரும் கூட்டுநரும் கையெழுத்திட வேண்டும் என்கின்றன கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய மாதிரி விதிகள். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்றும் அவை சொல்கின்றன. வேகமாகப் போட்டுவிட்டு வரும் கையெழுத்தின் மதிப்பு இதுதான். 'நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று சொல்வதாக அர்த்தம்.

ஆசிரியர் இல்லையென்றால்?

2022 ஜூனில் இந்தக் குழுக்களுக்கு ஒரு பெரிய பொறுப்பு வந்தது. அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களை, பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்பலாம் என்று பள்ளிக் கல்வித் துறை அறிவித்தது. மாதச் சம்பளம், இடைநிலை ஆசிரியருக்கு ₹7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ₹10,000, முதுகலை ஆசிரியருக்கு ₹12,000.

உடனே கேள்விகள் கிளம்பின. தகுதித் தேர்வில் வென்று காத்திருப்பவர்கள் என்ன ஆவது? குழுவில் செல்வாக்கு உள்ளவரின் உறவினருக்கு வேலை போய்விடாதா? விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. தகுதித் தேர்வில் வென்றவர்களுக்கு முன்னுரிமை என்பது வலியுறுத்தப்பட்டது.

இந்த நிகழ்வு இரண்டு விஷயங்களைக் காட்டியது. ஒன்று, குழுவிடம் உண்மையான முடிவு வரும்போது ஊரின் சாதி, கட்சி, உறவு எல்லாம் கூடவே உள்ளே வரும். இரண்டு, அந்த முடிவை எடுக்கும் இடத்தில் விஷயம் தெரிந்த பெற்றோர் இல்லையென்றால், இவர்களுக்குப் பதிலாக வேறு யாரோ முடிவெடுப்பார்கள்.

எல்லைகளும் உண்டு. அமெரிக்கப் பள்ளி வாரியத்தைப் போல வரியை முடிவு செய்யவோ, நிரந்தர ஆசிரியரை நியமிக்கவோ, பாடத்திட்டத்தை மாற்றவோ எஸ்.எம்.சி-யால் முடியாது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகள் பல உள்ள காஞ்சிபுரத்தில் இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது அவசியம். அரசின் நிதி உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

ஏன் யாரும் பேசுவதில்லை?

காஞ்சிபுரம் நெசவாளருக்குத் தேர்தல் தெரியாது என்று சொல்ல முடியாது. பட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நிர்வாகக் குழுத் தேர்தல் உண்டு. மாநகராட்சியின் 51 வார்டுகளுக்குத் தேர்தல் வந்தால் தெருவே பேசும். பள்ளிக் குழுவுக்கு மட்டும் அந்தப் பேச்சு இல்லை.

காரணங்கள் எளிமையானவை. கேள்வி கேட்டால் டீச்சர் பிள்ளையைக் கவனிக்க மாட்டாரோ என்ற பயம். எழுதப் படிக்கத் தெரியாதே என்ற கூச்சம். அம்மா பெயரில் பதவி, கூட்டத்தில் பேசுவது அப்பா என்ற பழக்கம். பல இடங்களில் தலைவர் தேர்வே, முன்கூட்டிச் சொல்லி வைத்த பெயருக்குக் கைதூக்குவதோடு முடிந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், நேரம். தறியோ கடையோ வீட்டு வேலையோ, பிற்பகல் இரண்டு மணி நேரம் என்பது ஏழைக் குடும்பத்துக்குக் காசு.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாடம் நடத்தி, செயலியில் விவரம் ஏற்றி, அதற்கிடையில் கூட்டமும் நடத்த வேண்டும். குறை சொல்ல மட்டும் வரும் கூட்டத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால், இரண்டு ஆசிரியர் போதவில்லை என்று தலைமை ஆசிரியர் தனியாக எழுதும் கடிதத்தைவிட, குழு போடும் தீர்மானத்துக்கு எடை அதிகம். புரிந்துகொண்ட தலைமை ஆசிரியருக்கு எஸ்.எம்.சி ஒரு துணை.

அடுத்த கூட்டத்தில் கேட்க 6 கேள்விகள்

1. இந்த ஆண்டுக்கான பள்ளி வளர்ச்சித் திட்டம் எங்கே? (குழுவே சேர்ந்து தயாரிக்க வேண்டியது இது. பிள்ளைகள் எண்ணிக்கை, தேவைப்படும் ஆசிரியர்கள், கட்டட வசதி, செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டும்.)

2. பள்ளி மானியம் எவ்வளவு வந்தது? எதற்கெல்லாம் செலவானது? ரசீதுகளைப் பார்க்கலாமா?

3. 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பது தொடக்கப் பள்ளிக்கான சட்ட அளவு. 60 பிள்ளைகள் வரை குறைந்தது இரண்டு பேர். நம் பள்ளியில் எத்தனை பேர்?

4. தொடர்ந்து வராத பிள்ளைகள் யார் யார்? அந்த வீடுகளுக்கு யார் போவது?

5. மதிய உணவு எப்படி இருக்கிறது? சமைக்கும் இடத்தையும் குடிநீரையும் கழிப்பறையையும் இன்றே ஒருமுறை பார்த்து வரலாமா?

6. போன கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது? யாருக்கு அனுப்பினோம், என்ன பதில் வந்தது?

ஆறையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். மாதம் ஒன்று போதும். கேட்டதும் பதிலும் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாது என்றால் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தீர்மானங்களைப் பதிவு செய்யப் பள்ளிக் கல்வித் துறை தனியாகப் பெற்றோர் செயலியே வைத்திருக்கிறது. எட்டாவது படிக்கும் மகளுக்கு அதைத் திறந்து காட்டத் தெரியும்.

குழுவில் இல்லாத பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. கூட்டத்துக்குப் போகும் அந்த அம்மாவின் தறியில் அன்றைக்கு ஒரு மணி நேரம் யார் நாடா போட்டுக் கொடுப்பது? அவர் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? தெருவில் நாலு பேர் முறை வைத்துக்கொண்டால், கூலி இழக்காமல் அவர் உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். கோர்வைத் தறியில் ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவர் கை கொடுப்பது இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் வந்து கூட்டம் என்று சொன்னால், கையெழுத்துக்கு மட்டும் கிளம்ப வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.